கேட்க வாய் வருகிறது, துதிக்க வாய் வரவில்லை. லைன் வீட்டில் சத்தமாகத் துதிப்பது எப்படி?

சிவதாபுரம் சகோதரி எழுதியது:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்ச நாளாக மனதை அரிக்கும் ஒரு விஷயம். விசுவாசத்தில் பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்கள், கேட்டுத் தெளிவாகலாம் என்று எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது ஏற்காட்டில், நாகலூர் போகிற வழியில் ஒரு காப்பித் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். அம்மா தோட்டத்தில் பழம் பறிக்கிற வேலை. விடியுமுன் அடுப்பைப் பற்ற வைக்கும்போதே "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று ஆரம்பித்துவிடுவார். விறகு நனையாமல் இருந்ததற்கு ஒரு ஸ்தோத்திரம். முந்தின நாள் சரிவில் கால் சறுக்கியும் விழாமல் நின்றதற்கு ஒன்று. எனக்குக் காய்ச்சல் விட்டதற்கு ஒன்று. தண்ணீர் கொதிக்கும்வரை வாய் ஓயாது. அடுத்த லயம்வரை கேட்கும், யாரும் ஒன்றும் சொன்னதில்லை. எங்களுக்கு அந்தச் சத்தம்தான் அலாரம்.

கல்யாணமாகி சேலம் வந்துவிட்டேன். லைன் வீடு, வரிசையாக ஒட்டி ஒட்டி. பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடினால் நம் வீட்டில் பேச்சு நின்றுபோகும். அவர்கள் எல்லோரும் வேறு சாமி கும்பிடுகிறவர்கள், நல்ல மனிதர்கள், என்னை மகள் மாதிரி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறார். நான் வீட்டிலிருந்தே கொலுசுக்குச் சலங்கை கோர்த்துக் கொடுக்கிறேன். மாமியார் எங்களோடு இருக்கிறார். வெள்ளி விலை இப்படி ஏறினதிலிருந்து ஆர்டர் குறைந்துவிட்டது. சில வாரம் தட்டில் கோர்க்க ஒன்றுமே இருக்காது.

என் பிரச்சினை இதுதான். ஜெபத்தில் உட்கார்ந்தால் கேட்பதற்கு வார்த்தை தானாக வருகிறது. ஆர்டர், வாடகை, பையனின் படிப்பு, மாமியாரின் முழங்கால், எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். துதிக்கலாம் என்று ஆரம்பித்தால் "நல்லவர், வல்லவர், ஸ்தோத்திரம்" என்பதோடு நின்றுவிடுகிறது. வீட்டுக்காரரின் குடும்பம் பரம்பரை சிஎஸ்ஐ, தென்னிந்தியத் திருச்சபை. அமைதியான ஆட்கள். "மனதுக்குள் சொன்னால் ஆண்டவருக்குக் கேட்காதா?" என்கிறார்கள். அதுவும் சரியாகத்தான் படுகிறது. ஆனால் அம்மாவின் குரல் காதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

வாய்விட்டுத் துதிக்கத்தான் வேண்டுமா? மனதில் சந்தோஷமே இல்லாதபோது வாயால் மட்டும் சொன்னால் அது மாய்மாலம் ஆகாதா? இரண்டு வரியில் வார்த்தை தீர்ந்துபோனால் அதற்குமேல் என்ன சொல்வது?

செவ்வாய்ப்பேட்டை தம்பி எழுதியது:

அக்கா, பிரைஸ் த லார்ட். பெரிய விளக்கம் எனக்குத் தெரியாது, லைன் வீட்டு விஷயம் மட்டும் சொல்கிறேன், நானும் அதில்தான் இருக்கிறேன். நீதிமொழிகள் 27:14 படியுங்கள். அதிகாலையில் எழுந்து உரத்த சத்தத்தோடு சிநேகிதனுக்கு ஆசீர்வாதம் சொன்னால் அது சாபமாக எண்ணப்படும் என்று இருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்த வசனம் அது. பக்கத்து வீட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து படுத்திருக்கிறவர் தூக்கம் கெட்டால், நம்முடைய அல்லேலூயா அவருக்கு எப்படிக் கேட்கும்? வாய் திறந்து சொல்லுங்கள், ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரிடம் பேசுகிற குரல் போதும். அவர் பக்கத்தில்தானே இருக்கிறார்.

பழைய மலை டிரைவர் (அஸ்தம்பட்டி) எழுதியது:

மகளே, உன் கேள்வியைப் பேத்தியிடம் இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டேன். நான் சொல்லச் சொல்ல அவள்தான் டைப் செய்கிறாள். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்.

நான் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். வேலையின் பெரும்பகுதி சேலம் – ஏற்காடு தடத்தில்தான் போயிற்று. அடிவாரம் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பம், மொத்தம் 20. ஒவ்வொன்றுக்கும் நம்பர் பலகை உண்டு. ஏறும்போது வண்டி இரண்டாவது கியரில் முனகும். அந்த முனகலில் டிரைவர் சீட்டில் நான் என்ன சொன்னாலும் பின்னால் இருக்கிறவர்களுக்குக் கேட்காது. எனக்கு அதுதான் ஜெப அறை. கைகள் ஸ்டியரிங்கில், கண் ரோட்டில், வாய் மட்டும் சும்மா இருக்கிறது. வளைவுக்கு ஒரு ஸ்தோத்திரம் என்று பழக்கம் வைத்துக்கொண்டேன்.

ஆரம்பத்தில் எனக்கும் உன்னை மாதிரிதான். மூன்றாவது வளைவிலேயே சரக்கு தீர்ந்துபோகும். மீதி வளைவுகளுக்கு என்ன சொல்வது? அப்போதுதான் கண்ணுக்கு முன்னால் இருப்பதைச் சொல்ல ஆரம்பித்தேன். "இந்த பிரேக் பிடிக்கிறதற்கு ஸ்தோத்திரம். எதிரில் இறங்குகிற லாரிக்காரர் ஏறுகிறவனுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றதற்கு ஸ்தோத்திரம். நேற்று ராத்திரி மழையில் உருண்ட பாறை ஆளில்லாத நேரத்தில் உருண்டதற்கு ஸ்தோத்திரம்." மார்கழியில் பனி இறங்கினால் முன்கண்ணாடி வெள்ளையாகிவிடும், துணியால் துடைத்துத் துடைத்துப் போக வேண்டும். அப்போது "அடுத்த பத்தடி தெரிகிறதற்கு ஸ்தோத்திரம்" என்பேன். மார்ச், ஏப்ரலில் கோடை மழை விழுந்து ஒரு வாரம் பத்து நாளில் காப்பி பூக்கும் பார், உனக்குத் தெரியாததா? மேலே போகப் போக அந்த வாசனை ஜன்னல் வழியாக வண்டிக்குள் வரும். அந்த நாட்களில் 20 வளைவு எனக்குப் பற்றாது.

கண்டக்டர் முருக பக்தர். என் உதடு அசைவதைப் பார்த்துவிட்டு, வளைவில் விசில் கொடுத்த கையோடு "அண்ணே, என் பெண்ணுக்கு வரன் அமையணும், அதையும் சேர்த்துச் சொல்லிடுங்க" என்பார். அமைந்தது. அன்றைக்கு அடுத்த வளைவில் அவர் சார்பிலும் நன்றி சொன்னேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன்.

மனதுக்குள் சொன்னால் கேட்காதா என்று உன் வீட்டில் சொன்னது உண்மைதான். அதற்கு அன்னாளே சாட்சி. 1 சாமுவேல் முதல் அதிகாரத்தில் பிள்ளை வேண்டி ஆலயத்தில் ஜெபித்தபோது அவள் உதடுகள் மாத்திரம் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. ஆசாரியன் ஏலி அவளைக் குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். ஆனால் கர்த்தர் கேட்டார், சாமுவேலைக் கொடுத்தார். இதுவரைக்கும் எல்லோரும் பிரசங்கத்தில் சொல்வார்கள். அடுத்த அதிகாரத்தையும் சேர்த்துப் படி. பிள்ளையைக் கொண்டுவந்து ஆலயத்தில் விட்டபிறகு அவள் பாடுகிறாள், "என் இருதயம் கர்த்தருக்குள் களிகூருகிறது" என்று ஆரம்பித்துப் பத்து வசனம். அதில் "என் வாய் திறந்திருக்கிறது" என்று அவளே சொல்கிறாள். கேட்கும்போது சத்தமில்லாமல் கேட்ட அதே பெண், துதிக்கும்போது வாயைத் திறந்துவிட்டாள். அவள் வாய்விட்டுச் சொன்னதனால்தானே அந்தப் பாட்டு நம் கைக்கு வந்தது! அமைதியாக ஜெபிப்பதை நான் குறை சொல்லவே மாட்டேன். நன்றியை மட்டும் உள்ளேயே வைத்துக்கொள்ளாதே.

யோவான்ஸ்நானகனின் தகப்பன் சகரியாவையும் பார். பிள்ளைக்குப் பெயர் வைக்கும்வரை பேச்சில்லாமல் இருந்தவர். நாவு கட்டவிழ்ந்ததும் முதல் பேச்சு என்ன? தேவனை ஸ்தோத்திரித்துப் பேசினார் என்று லூக்கா 1:64 சொல்கிறது. இயேசு சுகமாக்கின பத்துக் குஷ்டரோகிகளில் திரும்பி வந்தவன் ஒருவன். அவனைப் பற்றி எழுதும்போது "உரத்த சத்தத்தோடே" என்று லூக்கா மறக்காமல் எழுதுகிறார். சுகமில்லாதபோது பத்துப் பேரும் சத்தமிட்டுத்தான் கேட்டார்கள். சுகமானபிறகு அதே சத்தத்தோடு திரும்பி வந்தவன் இவன் மட்டும்தான். அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

மனதில் சந்தோஷம் இல்லாதபோது சொல்வது மாய்மாலமா? மகளே, மாய்மாலம் என்றால் மனுஷர் பார்க்க வேண்டும் என்று செய்வது. உன் சமையலறையில் உன்னை யார் பார்க்கிறார்கள்? 103-ஆம் சங்கீதத்தில் தாவீது "என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி" என்று தன் ஆத்துமாவுக்கே கட்டளை போடுகிறார். அது தானாக ஸ்தோத்திரித்துக்கொண்டிருந்தால் சொல்ல வேண்டிய தேவை என்ன? "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்கிறார். ஆத்துமா மறக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. வாய் சொல்லட்டும், காது கேட்கட்டும், மனது பின்னால் வரும். எத்தனையோ நாள் முதல் வளைவில் கல் மாதிரி இருந்த மனது, காப்பிச் செடி கண்ணில் படுகிற உயரம் வருவதற்குள் இளகியிருக்கிறது. இளகாத நாளும் உண்டு. அன்றைக்கும் சொன்னேன். அன்றைக்கும் அவர் நல்லவராகத்தானே இருந்தார்.

வார்த்தை தீர்ந்துபோகிறது என்றாயே, அதற்கு 136-ஆம் சங்கீதம். 26 வசனம், ஒவ்வொன்றிலும் பின்பாதி ஒன்றுதான்: "அவர் கிருபை என்றுமுள்ளது." முன்பாதியைக் கவனி. வானங்கள், சூரியன், சந்திரன், சிவந்த சமுத்திரம். அப்புறம் சீகோன், ஓகு என்று பெயர் சொல்லி இரண்டு ராஜாக்கள். எந்த ஊர் ராஜா என்பதுவரை சொல்லித்தான் துதிக்கிறார்கள். பொதுவாக "எங்களைக் காப்பாற்றினீர்" என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம், முடிக்கவில்லை. நீயும் பெயர் சொல்லு. உன் அம்மா செய்தது அதுதானே? விறகு, சறுக்கின கால், உன் காய்ச்சல். பள்ளிக்கூடம் போகாத அந்தப் பெண்மணி 136-ஆம் சங்கீதத்தை அடுப்படியில் பாடியிருக்கிறார்.

(தாத்தா, அவங்க அம்மா பள்ளிக்கூடம் போகலைன்னு அவங்க சொல்லவே இல்லையே என்று பேத்தி கேட்கிறாள். அந்தக் காலத்து லயத்தை நான் பார்த்தவன், அந்த நினைப்பில் சொன்னேன். போயிருந்தால் இன்னும் சந்தோஷம்.)

சிவதாபுரம் சகோதரி எழுதியது:

ஐயா, அம்மா மூன்றாம் வகுப்புவரை படித்தார். வேதாகமத்தை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். நீங்கள் எழுதியதை வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். அன்னாளைப் பற்றி நீங்கள் சொன்னதைக் கேட்டு, எழுந்து போய் வேதாகமத்தை எடுத்து இரண்டாம் அதிகாரத்தை அவரே படித்தார்.

தம்பி சொன்ன மாதிரி பேசுகிற குரலில், சலங்கைத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லிப் பார்த்தேன். மணி கண்ணில் நன்றாகத் தெரிகிறதற்கு, ஊசிமுனை மாதிரி இருக்கிற கொக்கியைப் பிடிக்க விரல் நடுங்காமல் இருக்கிறதற்கு, இன்றைக்குத் தட்டில் வேலை இருக்கிறதற்கு. சொல்லிக்கொண்டே போகும்போது அழுகை வந்துவிட்டது. அதற்குமேல் சொல்ல முடியவில்லை. துதிக்கும்போது அழுவது சரிதானா?

இன்னொன்று. எங்கள் சபையில் ஓர் அக்கா "ஆயிரம் ஸ்தோத்திரம்" என்று அச்சடித்த சின்னப் புத்தகம் கொடுத்தார். தினமும் அதைச் சொல்லி முடித்தால் காரியம் நடக்கும் என்கிறார். செய்யலாமா?

ஏற்காடு ஹாஸ்டல் சமையல்காரம்மா எழுதியது:

தங்கச்சி, நான் கத்தோலிக்கம். இங்கே எழுதலாமா என்று யோசித்தேன், ஊர்க்காரி என்று பார்த்ததும் எழுதிவிட்டேன்.

எங்கள் குருக்களும் கன்னியர்களும் திருப்புகழ்மாலை சொல்வார்கள், காலை மாலை நேரத்துக்கு நேரம். சங்கீதங்களைத்தான் இரண்டு பக்கமாகப் பிரிந்து மாற்றி மாற்றிச் சொல்வது. சமையலறைக்குப் போகுமுன் சில நாள் பின்வரிசையில் நானும் உட்காருவேன். அன்றைய நாளின் முதல் வார்த்தை என்ன தெரியுமா? ஆண்டவரே என் உதடுகளைத் திறந்தருளும், அப்பொழுது என் வாய் உம்மைப் புகழும் என்கிற வேண்டுதல்தான். 51-ஆம் சங்கீதத்தில் வருவது. வாய் வரவில்லை என்று நீ சொன்னதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. வாயைத் திறந்துவிடும்படி அவரிடமே கேட்டுவிட்டுத்தான் அத்தனை பேரும் ஆரம்பிக்கிறார்கள். நாள் முழுக்க ஜெபத்துக்கென்றே இருக்கிறவர்களுக்கே அது தேவைப்படுகிறது என்றால், கொலுசு வேலையும் வீட்டு வேலையும் பார்க்கிற உனக்கு வாய் வராமல் இருப்பதில் என்ன அதிசயம்? அந்த ஒரு வரியை முதலில் சொல்லிவிட்டு உட்காரு.

புத்தகம் பற்றி என் எண்ணம்: அச்சடித்த ஜெபத்தில் தப்பே இல்லை. எங்களுக்குப் பாதி ஜெபம் அப்படித்தான். வாய் பழக அது நல்லது, சோர்ந்து கிடக்கிற நாளில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி. ஆனால் எண்ணி முடித்தால் காரியம் நடக்கும் என்று சொன்னால் அங்கே எனக்கு ஒப்பவில்லை. அது கூலி பேசுவது மாதிரி ஆகிவிடும். அவர் நல்லவர் என்பதற்காகப் புகழ்வதுதான் புகழ்ச்சி. அதில் பத்து சொல்லிவிட்டு, பதினொன்றாவது உன்னுடையதாகச் சொல்லிப் பாரேன்.

பழைய மலை டிரைவர் (அஸ்தம்பட்டி) எழுதியது:

புத்தகம் பற்றிச் சமையல்காரம்மா சொன்னதில் கூட்டவோ குறைக்கவோ எனக்கு ஒன்றும் இல்லை.

அழுகையைப் பற்றிக் கேட்டாயே. எஸ்றா மூன்றாம் அதிகாரத்தைக் கடைசிவரை படி. சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்தவர்கள் ஆலயத்துக்கு அஸ்திபாரம் போடுகிறார்கள். ஜனங்கள் மகா கெம்பீரமாய் ஆர்ப்பரிக்கிறார்கள். பழைய ஆலயத்தைப் பார்த்திருந்த முதியவர்கள் சத்தமிட்டு அழுகிறார்கள். எது சந்தோஷ சத்தம், எது அழுகை சத்தம் என்று பிரித்தறிய முடியவில்லை என்று எழுதியிருக்கிறது. அவர்களை யாரும் அடக்கவில்லை, "ஸ்தோத்திர நேரத்தில் அழுகை என்ன" என்று கடிந்துகொள்ளவும் இல்லை. இரண்டும் கலந்து வெகுதூரம் கேட்டது. என் மனைவி ஆண்டவரிடத்தில் போன வருஷம் நான் மலை ஏறினதெல்லாம் அந்தச் சத்தத்தோடுதான். "இத்தனை வருஷம் அவளைக் கொடுத்தீரே, ஸ்தோத்திரம்" என்று சொல்லும்போது தொண்டை அடைக்கும். அந்த வளைவுக்கு அது போதும் என்று விட்டுவிட்டு, அடுத்த வளைவில் மறுபடியும் சொல்வேன். நீயும் அழுகை வந்தால் நிறுத்திக்கொள். அடுத்த சலங்கை கோர்க்கும்போது விட்ட இடத்திலிருந்து சொல்லு.

ஆர்டர் குறைந்ததைப் பற்றியும் எழுதியிருந்தாய். ஆபகூக் தீர்க்கதரிசியின் புத்தகத்தில் கடைசி அதிகாரத்தை உன் வீட்டுக்காரரைப் படிக்கச் சொல்லு. அத்திமரம் துளிர்விடவில்லை, திராட்சையில் பழமில்லை, தொழுவத்தில் மாடில்லை என்று ஒவ்வொரு நஷ்டத்தையும் எண்ணி வைத்துவிட்டுத்தான் "ஆனாலும் நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்" என்கிறார். தட்டு காலியாக இருக்கிறதை மறைத்துக்கொண்டு துதிக்கச் சொல்லி உன்னை யாரும் கேட்கவில்லை. காலியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டே துதி.

சிவதாபுரம் சகோதரி எழுதியது:

நன்றி ஐயா, நன்றி அக்கா. கடைசியாக ஒன்று மட்டும். நான் முணுமுணுப்பதைக் கேட்டுவிட்டு மாமியார் "எனக்கும் சொல்லணும்னு இருக்கு, ஆனா படிக்கத் தெரியாதே, பெருசா வார்த்தையும் வராதே" என்றார். அவரையும் எப்படிச் சேர்த்துக்கொள்வது?

பழைய மலை டிரைவர் (அஸ்தம்பட்டி) எழுதியது:

அந்தம்மாவுக்கு ஒரே ஒரு வாக்கியம் கற்றுக்கொடு: "அவர் கிருபை என்றுமுள்ளது." முன்பாதியை நீ சொல்லு, பின்பாதியை அவர் சொல்லட்டும். எஸ்றாவின் அதே அதிகாரத்தில் ஆலய ஊழியம் செய்கிற லேவியர் மாறிமாறிப் பாடினார்கள் என்று இருக்கிறது, இதே வார்த்தையைத்தான் பாடினார்கள். சமையல்காரம்மா சொல்கிற கன்னியர்களும் இரண்டு பக்கமாக உட்கார்ந்து செய்வது அதுதான்.

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் வைத்துக்கொள், பக்கத்து வீட்டு டிவி ஓடுகிற நேரம், யாருக்கும் தொந்தரவு இருக்காது. "இன்றைக்கு அம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் குறைந்தது" என்று நீ சொன்னால் அவர் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்பார். "இன்றைக்குக் குறையவில்லை" என்று நீ சொன்னாலும் அவருக்குச் சொல்ல வேண்டியது அதேதான். பையனையும் உட்கார வை, ஆளுக்கு ஒரு முன்பாதி. நாலு பேர் இருக்கிறீர்கள், தினம் நாலு ஆயிற்று. உன் வீட்டுக்காரர் வெட்கப்பட்டால் முதல் வாரம் அவரை விட்டுவிடு, பின்பாதி மட்டும் சொல்லட்டும்.